எட்டு இல்லாத கூரை

வாசல் பித்தளைப் பலகை 1392 என்கிறது.
ஹெஸ்டர் தர்லோ ஞாயிறு தவறாமல் அதைத் துலக்குகிறாள்.
சஃபோக்கின் ஒரு கோடியில்
ஆற்றுக்கும் பார்லி வயலுக்கும் நடுவே
‘நொண்டி அன்னம்’ என்ற மதுக்கடை,
பெயருக்கேற்றபடி ஒரு காலில் சாய்ந்து.

தெருவுக்குக் காட்டும் முகம் செங்கல்.
அந்தஸ்துக்கு ஆசைப்பட்ட எவனோ
இருநூற்றைம்பது வருடம் முன்பு மாட்டிவிட்டது.
ஆறு சன்னலில் ஒன்று பொய்:
அடைத்த செங்கல்மேல் கறுப்புச் சாயம்,
சட்டம் போல இழுத்த வெள்ளைக் கோடுகள்.
சன்னலை எண்ணி வரி கேட்ட காலம் அது.

கொல்லைப் பக்கம் வந்தால் வேடம் இல்லை.
ஓக் சட்டங்கள், நடுவே முடைந்த கழிகள்,
களிமண், சாணி, மாட்டு மயிர்.
காரை உதிர்ந்த ஓரிடத்தில்
ஒரு செம்பழுப்புக் கற்றை வெளியே நீட்டியிருக்கிறது.
தொட்டுப் பார்த்தேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் போலிருந்தது.

என் தொழில் அளப்பது.
இங்கே லேசர் புள்ளி சுவருக்குச் சுவர் போய்
ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கோடு திரும்புகிறது.
மட்டப் பலகையைத் தரையில் வைத்தேன்;
குமிழி ஒரு மூலைக்கு ஓடி
ஒளிந்துகொண்டது.

“எல்லாம் கப்பல் மரம்” என்றார் நெவில் குவாண்ட்ரில்,
பன்னிரண்டு மணிக்கே தன் மூலையில்,
மீசையில் நுரையோடு.
“ஸ்பானியர்களிடம் பிடித்தது.”
தலையாட்டினேன்.
இந்த நாட்டின் பழைய மதுக்கடை ஒவ்வொன்றும்
ஒரு கப்பலை உடைத்தே கட்டப்பட்டதாம்.
அத்தனையும் நிஜமென்றால்
போருக்கு நீந்தித்தான் போயிருப்பார்கள்.

கணப்புக்கு மேலே உள்ள உத்தரத்தில்
கண்ணீர்த் துளி வடிவில் கரி வடுக்கள்.
தவறிப் பட்ட நெருப்பல்ல;
மெழுகுத்திரியைச் சாய்த்துப் பிடித்து
நிதானமாகச் சுட்டவை.
வீட்டைத் தின்னாதே என்று
தீக்கே கொஞ்சம் ஊட்டியிருக்கிறார்கள்.

ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
விரல் தடிமனில் துளைத்தெடுத்த மரத்தின்
வளையங்களை எண்ணிவிட்டார்கள்:
1583, குளிர்காலத்தில் வெட்டியது.
ஒரு மின்னஞ்சலில்
நூற்றுத் தொண்ணூற்றொரு வருடம் போயிற்று.
ஹெஸ்டரிடம் எப்படிச் சொல்ல?
தள்ளிப்போட ஒரு வேலை தேடி
கூரைக்குள் ஏறினேன்.

தச்சன் தன் முற்றத்தில் கிடத்திக் கோத்து,
மூட்டுக்கு மூட்டு உளியால் எண் கீறி,
பிரித்து வண்டியேற்றி
இங்கே மறுபடி நிறுத்திய கூரை.
கோடு, இரண்டு கோடு, ஐந்துக்கு ஒரு கோணம்.
கைவிளக்கோடு தவழ்ந்து எண்ணிப் போனேன்.
ஆறு. ஏழு.
ஏழு.
ஒன்பது.

பேச்சுக் கொடுத்தவன் யார் அன்றைக்கு?
மழையா, பசியா, கூலித் தகராறா?
இரண்டு ஏழுகளின் தாங்குகட்டைகளும்
இடம் மாறி ஏறிவிட்டன.
ஒன்று பொருந்தவில்லை, மூன்று விரல் இடைவெளி.
அதில் ஓர் ஆப்பு அடித்திருந்தான்.
வளைந்த பலகை, ஓரத்தில் வெட்டிய பள்ளம்:
பீப்பாயின் ஒரு துண்டு.
கூரை வேயும் முன்பே
இங்கே ஒரு பீப்பாய் காலியாகியிருக்கிறது.

இறங்கி வந்து சொன்னேன்.
ஹெஸ்டர் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத்
தொடர்ந்து துடைத்தாள்.
“அப்படியானால் இங்கே ஆகப் பழசு நெவில்தான்” என்றாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
“நிற்குமா?”
“நிற்கும். ஆப்பை மட்டும் யாரும் தொடாமலிருந்தால்.”
பலகையைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

இரவு விடுதி அறையில் அறிக்கை எழுதினேன்.
சட்டம் ஏழு. சட்டம் ஏழு.
திரையில் சிவப்புக் கோடு விழுந்தது:
இரட்டைப் பதிவு, ஒன்றை நீக்கவா?

வேண்டாம் என்று அழுத்தினேன்.
மறுபடி கேட்டது.